லூப்பில் மதிப்பும் இன்டெக்ஸும் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிஸ்ட்டில் உள்ள மதிப்பும் வேண்டும், அது எத்தனையாவது இடம் (0-இலிருந்து எண்ணும் இன்டெக்ஸ்) என்பதும் வேண்டும் என்றால், முதலில் இன்டெக்ஸையும் பிறகு மதிப்பையும் ஜோடியாகத் தரும் எனுமரேட் பைதானில் இருக்கிறது, அதுவும் 2.3 பதிப்பிலிருந்தே. ஆனாலும் பலர் லூப்புக்குள் மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் இடத்தைத் தெரிந்துகொள்ள அதே லிஸ்ட்டில் இன்டெக்ஸ் மெத்தடைக் கூப்பிடுகிறார்கள். இருப்பதிலேயே மோசமான தவறு இதுதான், ஏனென்றால் மதிப்புகள் எல்லாம் வேறு வேறாக இருக்கும்வரை விடை சரியாகவே வரும். 7, 3, 7 என்று கொடுத்துப் பாருங்கள்: 0, 1, 2 வருவதற்குப் பதில் 0, 1, 0 வரும். அந்த மெத்தட் முதல் 7-ஐப் பார்த்ததுமே திரும்பிவிடும், நீங்கள் எந்த 7-இல் நிற்கிறீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? எர்ரரும் காட்டாது. போதாததற்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தேடுவதால், ஒன்றுபோல் ஒன்று இல்லாத 10,000 மதிப்புகளுக்குச் சுமார் 5 கோடி ஒப்பீடுகள் ஆகும்.

தனியாக ஒரு கவுன்ட்டர் வைத்து ஒன்று ஒன்றாகக் கூட்டுவதும் வேண்டாம். நடுவில் ஒரு கன்டினியூ (மீதி வரிகளை விட்டு அடுத்த சுற்றுக்குத் தாவும் கட்டளை) வந்தால் கூட்டும் வரிக்கே போகாது, எண் அங்கேயே நின்றுவிடும்.

எனுமரேட்டுக்கு ஸ்டார்ட் 1 என்று கொடுத்தால் முதல் உறுப்பைத் தாண்டிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தாண்டாது, எண் மட்டும்தான் 1-இலிருந்து தொடங்கும். திரையில் வரிசை எண் காட்ட அது நல்லது. அதையே லிஸ்ட்டுக்குள் இன்டெக்ஸாகப் போட்டால் எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போய், கடைசியில் இன்டெக்ஸ்எர்ரர், அதாவது லிஸ்ட்டில் இல்லாத இடத்தைக் கேட்ட பிழை.

சுற்றிக்கொண்டிருக்கும் லிஸ்ட்டிலிருந்தே எதையும் நீக்காதீர்கள். 2, 4, 5, 6 என்ற லிஸ்ட்டில் இரட்டை எண்களை அப்படி நீக்கினால் மிஞ்சுவது 4, 5. இரண்டை எடுத்ததும் 4 முதல் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது, லூப்போ அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது, அங்கே இருப்பது 5. வேண்டியதை மட்டும் புது லிஸ்ட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது.

ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் போனால் அர்ரேயில் (லிஸ்ட்டுக்கு அங்கே உள்ள பெயர்) ஃபார் இன் லூப் போடாதீர்கள். அது தரும் இன்டெக்ஸ் எண்ணே இல்லை, ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர்; 0-உடன் 1 கூட்டினால் "01" வரும். ஃபார் ஆஃப் போட்டு, இன்டெக்ஸும் மதிப்பும் ஜோடியாகத் தரும் என்ட்ரீஸ் மெத்தடைச் சுற்றுங்கள், அல்லது பிரேக் (லூப்பை நடுவிலேயே நிறுத்துவது) தேவைப்படாது என்றால் ஃபார்ஈச். ஒன்று மட்டும் கவனம்: ஃபார்ஈச் முதலில் மதிப்பையும் பிறகு இன்டெக்ஸையும் தரும், எனுமரேட்டுக்கு நேர் தலைகீழ். பைதான் பழக்கத்தில் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால், அர்ரே முழுக்க எண்களாக இருக்கும்போது எதுவும் உடையாது, விடை மட்டும் தப்பாக வரும்.