மொறிஸ் மைனருக்கு ஹெட்லைட் தேடப் போகிறீர்களா?

ஹட்டன் பக்கம் மாலை ஐந்து மணிக்கே பனி இறங்கிவிடும். என் பழைய மொறிஸ் மைனர் காரின் விளக்குகள் அதில் மெழுகுவர்த்தி மாதிரித்தான் எரிந்தன. ரிஃப்ளெக்டரில் வெள்ளிப்பூச்சு உரிந்து, உள்ளே துரு.

கடைக்குப் போகும் முன் பழைய விளக்கைக் கழற்றி அளந்து பாருங்கள். என்னுடையது 7 அங்குல வட்டம். ஒரு காலத்தில் பல கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் இதே அளவுதான். அதனால் “மொறிஸ் லைட் இருக்கா?” என்று கேட்டு அலையாமல், “ஏழு இஞ்ச் ரவுண்ட், எச்-4 பல்ப் போடுறது” என்று கேளுங்கள். எச்-4 என்பது டிம்மும் பிரைட்டும் ஒன்றாக உள்ள பல்ப். ஊரில் கிடைக்காவிட்டால் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைதான்.

அங்கேதான் நான் ஏமாந்தேன். பளபளவென்று இருந்ததே என்று வாங்கினேன். எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லாம் லைட் அடித்துத் திட்டினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கு. டிம் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் ஏறும். ஐரோப்பியத் தரக் குறியுள்ள (வட்டத்துக்குள் E எழுத்து) கண்ணாடியாக இருந்தால் முன்னால் நின்று பாருங்கள். நம்மைப் போல் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கென்றே செய்ததில் உங்கள் வலக்கைப் பக்கம் காட்டும் சிறிய அம்புக்குறி இருக்கும். அம்பே இல்லையென்றால் வேண்டாம்.

பல்ப் 60/55 வோட் (பிரைட் 60, டிம் 55) போதும். 100 வோட் போட்டால் பழைய சுவிட்சும் வயரும் சூடேறும், டைனமோவும் திணறும். எல்ஈடி ஆசை இருந்தால் முதலில் பெட்டரியைப் பாருங்கள்: பழைய மைனர்களில் பொசிட்டிவ் முனைதான் காரின் இரும்பு உடலோடு சேர்ந்திருக்கும். எச்-4 பல்புக்கு அது கவலையில்லை, எல்ஈடி எரியாமலே போகலாம்.

பூட்டியதும் சமதரையில், சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சம் விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழும்படி திருகாணியைத் திருப்புங்கள். எங்கள் ஊரில் சமதரை தேடுவதுதான் பெரிய பாடு. நான் கோயில் முன்றலில் செய்தேன்.