குழு ப்ராஜெக்டில் ஏஐ: முதல் யோசனையை அதனிடம் கேட்காதீர்கள்

ப்ராஜெக்ட் தலைப்பு கிடைத்த கையோடு குழுவில் இருக்கும் நாலு பேரும் சாட்ஜிபிடியைத் திறந்து "பத்து ஐடியா கொடு" என்று கேட்கிறார்கள். மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்துவது கடினம். அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுபவை இந்த மாடல்கள். அதனால் பலரும் ஏற்கெனவே சொன்ன பக்கமே சாயும். நாலு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான் வரும். 2024இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், ஏஐ கொடுத்த கருவை வைத்து எழுதிய கதைகள் தனித்தனியாகப் படிக்கும்போது மெருகேறியிருந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று அதிகம் ஒத்திருந்தன. தனியாக எழுதுபவருக்கு அது கைகொடுக்கலாம். நாலு விதமான பார்வை வேண்டும் என்றே சேர்ந்த குழுவுக்கு அது நட்டம்.

முதலில் கண்ணில் பட்டது மனதில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட வடிவமைப்பு ஆய்வில், மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டு வரைந்தவர்கள் அதிலிருந்த குறைகளையும் சேர்த்தே தங்கள் படத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆகவே முதல் கால்மணி நேரம் ஆளுக்கொரு தாளில் தனியாக எழுதுங்கள். எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பேசிய பிறகு ஏஐயிடம் போங்கள். அப்போதும் புது ஐடியா கேட்பதைவிட, "இதில் யாரை மறந்துவிட்டோம், இது எங்கே உடையும்?" என்று கேட்பது பயன் தரும்.

இன்னொரு தவறு வெளியே தெரியாது. இரண்டு பேருக்குள் கருத்து வேறுபாடு வந்ததும் "ரெண்டையும் சேர்த்து எழுதித் தா" என்று ஏஐயிடம் ஒப்படைப்பது. அது இரண்டு பக்கமும் நோகாத ஒரு பத்தியைத் தந்துவிடும், விவாதமும் நின்றுபோகும். ஏன் உடன்படவில்லை என்று அந்த இருவரும் பேசியிருந்தால், மூன்றாவதாக ஒரு வழி அங்கேதான் கிடைத்திருக்கும். பேசி முடிவெடுங்கள், அந்த முடிவை எழுத வேண்டுமானால் ஏஐயின் உதவியைப் பெறுங்கள்.

ஒரே ஆள் தன் போனில் கேட்டு, பதிலை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் ஒட்டுவதும் வேண்டாம். கேள்வி தெரியாதவர்களால் பதிலைச் சந்தேகிக்க முடியாது. எல்லோரும் பார்க்கும் திரையில் கேளுங்கள்.

ஏஐ தரும் மேற்கோள் நூல்களை ஒவ்வொன்றாகத் தேடித் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, ஆசிரியர் பெயர் எல்லாம் போட்டுத் தரும். ப்ராஜெக்டுக்காக உங்களுக்குப் பேட்டி கொடுத்தவர்களின் பெயர், விவரங்களை அதில் ஏற்றாதீர்கள்.

இது நீங்களே யோசித்தது என்று காட்ட, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பியும் இருக்க முடியாது. ஓபன்ஏஐ தன் சொந்தக் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. நாளை பேராசிரியர் கேட்டால் காட்ட, தனித்தனியாக எழுதிய தாள்களையும் கேட்ட கேள்விகளையும் தேதியோடு பொதுக் கோப்பில் வைத்திருங்கள்.