கடல் பாதுகாப்பைப் பற்றிச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எடுத்துரைப்பது எப்படி: ராமநாதபுரம் கடலோர அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

ஒருபுறம் மன்னார் வளைகுடாவும் மறுபுறம் பாக் விரிகுடாவும் சூழ்ந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் கடல் பாதுகாப்புக்காக இயங்கும் சிறு அறக்கட்டளைகள், மாணவர்களுக்கு வகுப்பெடுப்பதில் தேர்ந்தவை. சட்டம் இயற்றுவோரிடம் செல்லும்போது மட்டும் மனுவையும் சால்வையையும் கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. அமெரிக்காவில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பைப் பற்றி இரு கட்சி உறுப்பினர்களுக்கும் விளக்குவதையே முழுநேரப் பணியாகக் கொண்ட அமைப்புகள் உள்ளன. டெல்லியில் 2005 முதல் இயங்கும் பி.ஆர்.எஸ். நிறுவனம் எல்லாக் கட்சியினருக்கும் மசோதாக்களை விளக்கிக் குறிப்புகள் தயாரித்துத் தருகிறது. அந்த அளவு பணமும் ஆளும் இல்லாத கடலோர அமைப்பும் இப்பணியைச் செய்ய முடியும்.

முதலில், எந்த உறுப்பினரின் கையில் எது இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பன்னாட்டு ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கே அளிக்கிறது. மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்போ இரண்டுக்கும் பொதுவானது. இந்தப் பிரிவினையை அறியாமல், மாநில அரசு செய்ய வேண்டியதை நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்டால், அவர் மரியாதையாகத் தலையசைத்து அனுப்பிவிடுவார்.

அடுத்து, ஒப்பந்தங்களை உறுப்பினரின் தொகுதிக்குக் கொண்டுவர வேண்டும். ஈரநிலங்களுக்கான ராம்சார் ஒப்பந்தத்தில் இந்தியா 1982இல் சேர்ந்தது என்று தொடங்கினால் எவரும் கேட்கமாட்டார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022இல் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. தேர்த்தங்கலும் சக்கரக்கோட்டையும் 2025இல் சேர்ந்தன. இவற்றோடு மன்னார் வளைகுடாவும் உண்டு என்று தொடங்கினால், அவர் நிமிர்ந்து உட்காருவார். விவசாயிகள் தண்ணீர் பாய்ச்சும் கண்மாய்க்கு உலக ஒப்பந்தத்தில் ஓர் இடம் உண்டு என்பது பலருக்கும் புதிய செய்திதான். கடற்பசுவும் அப்படியே. இடம்பெயரும் உயிரினங்களுக்கான ஒப்பந்தத்தில் 1983இல் சேர்ந்த இந்தியா, கடற்பசுவுக்கான தனிப் புரிந்துணர்வில் 2008இல் கையெழுத்திட்டது. 2022இல் அறிவிக்கப்பட்ட, 448 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடற்பசுப் பாதுகாப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில்தான் இருக்கிறது. இருப்பினும் மணமேல்குடிக் கரையை உள்ளடக்கிய அறந்தாங்கி, ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருவதால், அது நம் உறுப்பினரின் பொறுப்பும் ஆகிறது.

எழுதிக் கொடுக்கும் குறிப்பு ஒரு தாளுக்கு மேல் போகக்கூடாது. அதன் மேற்பகுதியில் செய்தி, நடுவில் தொகுதியோடு அதற்குள்ள தொடர்பு, கீழே உறுப்பினர் அப்படியே பயன்படுத்தக்கூடிய ஒரு கேள்வி ஆகியவை இருந்தால் போதும். கேள்வியைத் தயாரிப்பதில்தான் நம் உழைப்பின் பெரும்பகுதி செல்ல வேண்டும். ‘கடற்பசுவைக் காக்க அரசு என்ன செய்கிறது?’ என்று கேட்டால் பொதுவான விடைதான் வரும். ‘பாக் விரிகுடாக் கடற்பசுப் பாதுகாப்பகத்துக்குக் கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, செலவிடப்பட்ட தொகை எவ்வளவு, சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவரின் வலைச் சேதத்துக்கு ஈடு தரப்படுகிறதா?’ என்று கேட்டால், அமைச்சகம் கணக்கைத் தேடி எடுத்தாக வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடையளிப்பார் என்பதால் துணைக்கேள்விகளையும் உடன் எழுதித் தர வேண்டும். குறியிடாத கேள்விக்கு எழுத்து மூலம் விடை வரும், எண்ணிக்கைகளைப் பெற அதுவே நல்லது. மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தேவைப்படுவதால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு தாளை நீட்டுவதில் பயனில்லை. சட்டமன்றத்தில் வனத்துறை, மீன்வளத்துறை மானியக் கோரிக்கைகளின் மீதான விவாதமே ஏற்ற தருணம். அதற்கு ஒரு மாதம் முன்பே குறிப்பு அவரது உதவியாளரின் மேசையில் இருக்க வேண்டும். உறுப்பினரைவிட உதவியாளர்தான் அதை முழுமையாகப் படிப்பவர்.

அந்த உதவியாளர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் முதல் சந்திப்புக்கு, கரையில் ஒதுங்கிய பவளத் துண்டொன்றை மரச்சட்டத்தில் பதித்து நினைவுப் பரிசாக எடுத்துச் சென்றோம். உதவியாளர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை வைத்திருந்தாலே வழக்கு வருமே, ஐயா” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது; பாதுகாப்பைப் போதிக்கச் சென்ற எங்களுக்கு அது உறைக்கவில்லை. சங்கு, பவளம், உலர்த்திய கடல் உயிரி எதையும் எடுத்துச் செல்லாதீர்கள், படம் போதும்.

படத்தைவிடக் கரையே மேல். விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வெவ்வேறு நாள்களில் கடலுக்குச் செல்வதால், மீனவர்கள் ஊரில் இருக்கும் நாளைக் கேட்டு, காலை வேளையில் உறுப்பினரை அழைத்து வர வேண்டும். பேச்சாளர் வரிசையும் மேடையும் வேண்டாம். பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் அவரைப் பேசவிடுங்கள். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைப் பற்றி நாம் அரை மணி நேரம் விளக்குவதை, “தீவுப் பக்கம் எறங்காதேன்னா பாசிக்கு எங்கய்யா போறது?” என்ற ஒரு கேள்வி திருப்பிப்போட்டுவிடும். அது நடக்கட்டும்.

ஏனெனில், மீனவரின் குறையை மறைத்துவிட்டுப் பாதுகாப்பை மட்டும் சொல்லும் அமைப்பை எந்த மக்கள் பிரதிநிதியும் இரண்டாம் முறை நம்பமாட்டார். கடலடியில் ஊரும் மெத்தென்ற உயிரியான கடல் அட்டை இதற்குச் சரியான சோதனை. 2001 முதல் அதைப் பிடிப்பது இங்கே குற்றம். எதிர்க்கரையில், இலங்கையில், உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். ஒரே கடலில் இருவேறு சட்டம் நிலவுவதால் கடத்தல் நடக்கிறது. தடையை நீக்க வேண்டுமென்று மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். இந்தியா 1976 முதல் உறுப்பு நாடாக உள்ள சைட்டிஸ் ஒப்பந்தம், அதன் பட்டியலில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைத்தான் ஒழுங்குபடுத்துகிறது. நம் கடலில் பிடிக்கவே கூடாது என்பது இந்தியச் சட்டத்தின் முடிவு. இந்த வேறுபாட்டை உறுப்பினருக்கு விளக்குங்கள். தடை நீடிக்க வேண்டும் என்பதே உங்கள் கருத்தாக இருந்தாலும், எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதே தாளில் எழுதுங்கள். வனவிலங்குச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளை ஆறிலிருந்து நான்காகக் குறைத்துவிட்டதால், பழைய துண்டறிக்கையைப் பார்த்து அட்டவணை எண்ணை எழுதிவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளிநாட்டு நன்கொடை பெறுவதை 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் தடுக்கிறது, வெளிநாட்டுப் பயணத்தில் அயலார் விருந்தோம்பலை ஏற்கவும் அவர்கள் முன் அனுமதி பெற வேண்டும். உங்களுக்கு வெளிநாட்டு நிதி வருமானால், அவருடைய பயணச் செலவையோ தங்குமிடத்தையோ ஏற்காதீர்கள். கரைக்கு அவர் தம் வண்டியிலேயே வரட்டும், தேநீர் போதும். மாவட்டத்தின் நான்கு சட்டமன்றத் தொகுதிகளுக்கும், எந்தக் கட்சியாயினும், ஒரே தாளை ஒரே நாளில் கொடுங்கள்.

அவையில் விடை வந்ததும் அதை அச்செடுத்து, கேள்வி கேட்டவரின் பெயரோடு, மீன் இறங்குதளத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். விடையில் குறை இருந்தால், அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வியை அன்றே எழுதத் தொடங்கலாம்.