லாச்சி இறுகினால் சீவுளியைத் தேடாதீர்கள்

ஜூலை மாதத்தில் ஹட்டன் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கதவோ லாச்சியோ (இழுப்பறையோ) இறுகிப்போய்க் கிடக்கும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டு நூல் சீவச் சொல்வார்கள். அன்றைக்குக் கதவு சுகமாகத்தான் மூடும். பெப்ரவரியில் பார்த்தால் நடுவே சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி, உள்ளே கரப்பான் குடித்தனம். என் அப்பா தோட்டத்து ஆசாரி. அடைமழையில் அலுமாரிக் கதவைச் சீவச் சொல்லி வருகிறவர்களிடம், “தை பிறக்கட்டும் தம்பி, அதுவே வழிக்கு வரும்” என்று சொல்லி அனுப்பிவிடுவார். வந்த கூலியை விடுகிறாரே என்று அம்மாவுக்குக் கோபம் வரும்.

வெட்டி எத்தனை வருடமானாலும் மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், காய்ந்த காற்றில் திருப்பிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தில் நின்றால் மரத்துக்குள் 12 சதவீதம் போல நீர் இருக்கும். 90 சதவீதத்தில் பல நாள் நின்றால் அது 20க்குப் பக்கம் போய்விடும். அந்த நீரால் பலகையின் நீளம் கூடுவது கண்ணுக்கே தெரியாது. அகலவாட்டில்தான் வீங்கும். காய்ந்ததும் பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பும். சீவிய மரம் திரும்பி வராது.

இறுகிய லாச்சியைக் கைப்பிடியைப் பிடித்து வெட்டி இழுக்காதீர்கள், முகப்புப் பலகை தனியாகக் கையோடு வரும். மேலே உள்ள லாச்சியைக் கழற்றிவிட்டு, அந்த வழியாகக் கையை விட்டுப் பின்னாலிருந்து தள்ளுங்கள். வெளியே எடுத்ததும் ஓரங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உராய்ந்த இடம் மட்டும் பளபளவென்று மின்னும். அங்கே மெழுகுதிரியையோ காய்ந்த சவர்க்காரத் துண்டையோ அழுத்தித் தேயுங்கள், மழைக்காலம் ஓடிவிடும். வெயில் காலத்திலும் இறுக்கம் தொடர்ந்தால் அப்போது சீவலாம்.

சரி, எது மழைக்காலம், எது வெயில் காலம்? நான் பிறந்தது டிக்கோயா, வாழ்க்கைப்பட்டது பண்டாரவளை. ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும்: பட்டிப்பொலை தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது கொட்டுகிற மழை, ஓஹியா பக்கம் வெளியே வந்தால் பல நாள் வெயிலாகிவிடும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தை மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நனைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பகலில் காய்ந்த வெயில், இரவில் கடுங்குளிர். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் அதற்கு நேரெதிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று உலர்த்தி எடுக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ் மழை. ஒக்டோபர், நவம்பரில் இரு பக்கமும் தப்பாது.

மாதம் மறந்தால் தேயிலையைக் கேளுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் திம்புலைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை தரமான பருவம், பதுளை, பண்டாரவளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. கொழுந்துக்கு மணம் ஏற்றுகிற அதே காய்ந்த காற்றுதான் மரத்திலிருந்தும் நீரை இழுக்கிறது. பொலிஷ், பசை, பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் உங்கள் பக்கத்துத் தரமான பருவத்துக்கு ஒதுக்கிவையுங்கள். மழையில் பொலிஷ் அடித்தால் காற்றின் ஈரம் அதற்குள் மாட்டிக்கொண்டு பால் கொட்டியது போல வெளுத்துவிடும்.

மழைக்காலத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காற்றோட்டம். லயத்திலும் சரி, தனி வீட்டிலும் சரி, அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைப்பதுதான் பழக்கம். வெளிச்சுவர்தான் வீட்டிலேயே குளிர்ந்த இடம். அடுப்பங்கரை ஆவியும் நம் மூச்சும் அங்கே போய்த்தான் நீராகப் படியும். அலுமாரியை அறைகளுக்கு நடுவே உள்ள சுவருக்கு மாற்றுங்கள். இடமில்லையென்றால் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். கால்களுக்கு அடியில் தகரத் துண்டோ தடித்த ரப்பரோ கொடுத்தால் சீமெந்துத் தரையின் ஈரம் ஏறாது. வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் கதவுகளைத் திறந்துவையுங்கள். அரைகுறையாகக் காய்ந்த உடுப்பை மட்டும் உள்ளே அடுக்க வேண்டாம்.

ஒரு தடவை அலுமாரியை இழுத்து அதன் முதுகைப் பாருங்கள். முன்பக்கம் மூன்று கோட் பொலிஷ் கண்ணாடி மாதிரி இருக்கும். முதுகுப் பலகையும் அடிப்பக்கமும் ஒன்றும் பூசாத வெறும் மரமாக, விரல் வைத்தால் சாம்பல் நிறத் தூள் ஒட்டுகிற மாதிரி பூஞ்சணத்தோடு இருக்கும். கடைக்காரருக்கு முகம் விற்றால் போதும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளையும். மேசைப் பலகை நடுவில் குழிவதும் பல வீடுகளில் இதனால்தான். உலர்ந்த காலத்தில் முதுகுக்கும் அடிக்கும் ஒரு கோட் சீலர் (மரத்துக்குள் ஈரம் ஏறாமல் அடைக்கும் பூச்சு) அடித்துவிடுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை, யார் பார்க்கப் போகிறார்கள்?

பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள், தூள் எல்லா இடமும் பரவும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வெளியே வைத்து, பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மறைவான மூலையில் ஒரு பொட்டு வைத்துச் சோதித்துவிட்டு, மெல்லத் துடைத்து நிழலில் காய வையுங்கள். துணி வெளுக்கிற குளோரின் தண்ணீர் வேண்டாம், மரத்தின் நிறத்தைத் தின்றுவிடும். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பதும், நனைந்த கதிரையை நேரே உச்சி வெயிலில் போடுவதும் வெடிப்புக்கு அழைப்பு.

உலர்ந்த காலத்தின் தொல்லை வேறு. மூட்டுத் துளைக்குள் செருகியிருக்கும் கழுந்து சுருங்கி, கதிரை ஆட ஆரம்பிக்கும். ஆணி அடிக்காதீர்கள், இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஆணி கழுந்தைப் பிளந்துவிடும். பிறகு ஆசாரி வந்தாலும் கையைப் பிசைவதுதான் மிச்சம். மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். அதன்மேல் புதுப் பசை பிடிக்காது. மரப்பசை பூசிப் பொருத்தி, கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். இறுகியதும் குச்சியைக் கட்டிப்போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க யாரையும் உட்கார விடாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் எனக்கும் மாமியாருக்கும் ஒத்துப்போகாது. அவர் தேங்காய் எண்ணெய்க் கட்சி. பூசிய அன்று பளபளக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது உலர்கிற எண்ணெய் இல்லை. தூசியைப் பிடித்துப் பிசுபிசுத்து, காறல் வாடை அடிக்கும். போதாததற்கு 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நம் குளிரில் செதுக்கல் வேலைப்பாட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்து நிற்கும். லின்சீட் ஒயில் (ஆளி விதை எண்ணெய்) உலர்ந்து மரத்தோடு சேரும். மெல்லப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடாகும். குவிந்து கிடக்கிற துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனையுங்கள், இல்லாவிட்டால் வெளியே விரித்துப் போடுங்கள்.

சாமிப் படச் சட்டங்களுக்கும் மர யானைகளுக்கும் இதே நியாயம்தான். படத்தின் கீழ் இரு மூலைகளிலும் பின்பக்கம் போத்தல் தக்கையை வெட்டி ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும். கண்டிக்குப் பக்கத்தில் எம்பெக்கே தேவாலயத்துச் செதுக்குத் தூண்கள் 14ஆம் நூற்றாண்டுக் கம்பளை அரசர் காலத்தவை. அவை நிற்பதும் காற்றாடுகிற மண்டபத்தில்தான்.

கடைசியாக வண்டு. கதிரைக் காலடியில் மாவு போல மஞ்சள் தூள் கிடந்தால் பயந்து மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அடுப்பு எரிகிற வீட்டில் அது வேறு வினை. வண்டு பெரும்பாலும் நடுவிலுள்ள வைரம் பாய்ந்த மரத்தை விட்டுவிட்டு வெளுப்பான வெளிமரத்தைத்தான் துளைக்கும். தூளைக் கூட்டிவிட்டு, ஓட்டைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, அடியில் கறுப்புத் துணி விரித்துச் சில வாரம் பாருங்கள். புதுத் தூள் விழுந்தாலோ வட்டத்துக்கு வெளியே ஓட்டை வந்தாலோ உள்ளே உயிர் இருக்கிறது. அந்தக் கதிரையை மற்றவற்றிலிருந்து பிரித்து ஆசாரியிடம் காட்டி மருந்து போடச் சொல்லுங்கள். ஒன்றும் வராவிட்டால் அது பழைய ஓட்டை. மெழுகை உருக்கி அடைத்துவிட்டு உட்காரலாம்.