எம்பயர் ஆஃப் சின்: துப்பாக்கிய அப்புறம் தூக்கலாம், முதல்ல சரக்கு கணக்கப் பாருங்க

மீன்பிடித் தடைக்காலத்துல என்ன கேம் ஆடலாம்னு மண்டபம், பாம்பன் பக்கம் பசங்க வருசா வருசம் கேக்குறாய்ங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, பகல்ல எஞ்சின் வேலை, பெயிண்ட் வேலை, வலை வேலைன்னு ஓடிரும், ராத்திரிதான் பொழுது போகாது. அதுக்கு ஏத்த கேம் இது. பேரு எம்பயர் ஆஃப் சின், ரொமேரோ கேம்ஸ் பண்ணுனது, 2020 டிசம்பர் 1ல வந்துச்சு, டூம் கேம் பண்ணுனவங்கள்ல ஒருத்தரான ஜான் ரொமேரோவும் அவரு மனைவி பிரெண்டா ரொமேரோவும் அயர்லாந்துல இருந்து நடத்துற கம்பெனி. தனியா ஆடுற கேம், எதிர்ல ஆன்லைன்ல ஆள் தேவையில்ல, ஒருதடவ டவுன்லோடு முடிஞ்சா டேட்டா கவலை இல்ல. விலை அப்பப்ப சேல்ல நல்லா குறையும், முழு விலை குடுத்து வாங்காதீங்க. வந்த புதுசுல பக், அதாவது கேமுக்குள்ள கோளாறு, ரொம்ப இருந்துச்சுன்னு திட்டு வாங்குன கேம், அதனால எல்லா அப்டேட்டும் போட்டுட்டு ஆரம்பிங்க.

கதை நடக்குறது சிகாகோ, 1920. அமெரிக்காவுல மதுவிலக்கு 1920 ஜனவரி 17ல இருந்து 1933 டிசம்பர் 5 வரைக்கும் இருந்துச்சு. குடிக்கிறது குத்தமில்ல, காய்ச்சுறது, விக்கிறது, வண்டில ஏத்துறதுதான் குத்தம், வினோதமான சட்டம். அப்புறம் என்ன ஆச்சுன்னு நம்ம கடற்கரைக்காரனுக்கு பாடம் எடுக்கத் தேவையில்ல, 2001ல கடல் அட்டைக்கு தடை வந்துச்சு, இன்னைக்கும் மூட்டை மூட்டையா பிடிச்சாங்கன்னு பேப்பர்ல வந்துகிட்டே இருக்கு, தடை போட்டா சரக்கு காணாமப் போகாது, விலை ஏறும், அதைக் கடத்துறவனுக்கு காசு வரும், அம்புட்டுதான். இந்த கேம் மொத்தமும் அந்த விலை ஏத்தத்துல பிழைக்கிற ஒருத்தனோட கதை.

ஆரம்பிக்கும்போது 14 பாஸ்ல, அதாவது கும்பல் தலைவர்கள்ல, ஒருத்தர எடுக்கச் சொல்லும். அந்தக் கால சிகாகோ தாதாக்கள் அல் கபோன் இருக்காரு, டியான் ஓபானியன் இருக்காரு, நியூயார்க்ல நிஜமாவே வாழ்ந்த ஸ்டெபனி செயின்ட் கிளேர் இருக்காங்க, ஜான் ரொமேரோவோட கொள்ளுப்பாட்டிய வச்சு பண்ணுன எல்விரா துவார்த்தேவும் இருக்காங்க. ஒவ்வொரு பாஸுக்கும் எதாச்சும் ஒரு தொழில்ல சலுகை உண்டு, அது தேர்வு பண்ற ஸ்கிரீன்லயே எழுதியிருக்கும், அதப் படிக்காம மூஞ்சியப் பாத்து எடுக்காதீங்க. இன்னொண்ணு, எத்தனை ஏரியா, எத்தனை எதிரி கும்பல்னு முதல்லயே நம்மளே குறைச்சு வச்சுக்கலாம். முத ஆட்டத்துக்கு ரெண்டையும் குறைச்சு வைங்க, இல்லைன்னா பத்து மணி நேரம் ஆடியும் பாதி ஊரக்கூட பாத்திருக்க மாட்டீங்க. கேம்ல விபச்சார விடுதியும் ஒரு தொழில், ரத்தமும் தாராளமா வரும், பெரியவங்க ஆடுற கேம், அதனால ஹால்ல டிவில கனெக்ட் பண்ணி சின்னப்பிள்ளைகள பக்கத்துல வச்சுக்கிட்டு ஆட வேணாம்.

இப்ப விசயத்துக்கு வருவோம். எங்க சித்தப்பா பையன் ஒருத்தன் இத ஆடுறத பக்கத்துல உக்காந்து பாத்தேன். கேம் ஆரம்பிச்ச உடனே கையில இருந்த காசுக்கு துப்பாக்கிக்காரன் நாலு பேர வேலைக்குச் சேத்தான், தெருவுல கண்ணுல பட்ட ரவுடி இடத்தையெல்லாம் அடிச்சுப் பிடிச்சான், மேப் பூரா அவன் கலரு, பாக்க ஜம்முன்னு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல மேல இருக்குற காசு நம்பர் இறங்க ஆரம்பிச்சது, அவன் கவனிக்கல, அடுத்த சண்டைக்குப் போயிட்டான். திரும்பி வந்து பாத்தா காசு மைனஸ்ல நிக்குது. ஏழெட்டு பார் வச்சிருக்கான், சரக்கு காய்ச்சுற இடம் ஒண்ணே ஒண்ணு. பார்ல ஆள் வந்து நிக்குது, ஊத்த சரக்கு இல்ல. ஆனா சம்பளம் மட்டும் நாள் தவறாம போகுது. அண்ணே இது கேம் பக்குன்னு என்கிட்ட சண்டைக்கு வாரான். பக்கும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி, கணக்கு.

அதனால வரிசை இப்படி வச்சுக்கங்க. முதல்ல ஒரு ப்ரூவரி, அதாவது சரக்கு காய்ச்சுற இடம், அதுக்கு அப்புறம் அது காய்ச்சுற அளவுக்கு தாங்குற மாதிரி ஸ்பீக்ஈசி, அதாவது திருட்டு பார், ஒண்ணு ரெண்டு. எவ்வளவு சரக்கு காய்ச்சுறோம், எவ்வளவு சரக்கு செலவாகுதுன்னு பிசினஸ் ஸ்கிரீன்ல தெரியும், புது இடம் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அத திறந்து பாக்குற பழக்கம் வந்துட்டா பாதி கேம் ஜெயிச்ச மாதிரி. காய்ச்சுற அளவு, பார்ல சரக்கு செலவாகுற அளவ விட கொஞ்சம் மேல இருக்கணும், ரொம்ப மேல போனா ப்ரூவரிக்கு போட்ட காசு தூங்குது. சரக்கு செலவாகுறது மேல போச்சுன்னா அடுத்து பிடிக்கிற கட்டிடம் கண்டிப்பா ப்ரூவரி, வேற பேச்சே கிடையாது.

சரக்குலயும் தரம் இருக்கு. ஸ்வில்னு ஒண்ணு, நம்ம ஊர் மட்டச் சாராயம் மாதிரி அடிமட்டம், அதுக்கு மேல மேல போயி விஸ்கி மாதிரி நல்ல சரக்கு வரைக்கும். ஏழைபாழைங்க இருக்குற ஏரியால மட்ட சரக்குதான் ஓடும், பணக்கார ஏரியால அத ஊத்துனா சீந்த மாட்டாய்ங்க. ஏரியா வசதி நாளாக நாளாக மாறும், அப்ப கேக்குற சரக்கும் மாறும், நேத்து வரைக்கும் நல்லா ஓடுன பார் இன்னைக்கு படுத்துருச்சுன்னா முதல்ல இதத்தான் பாக்கணும். நல்ல சரக்கு காய்ச்சணும்னா ப்ரூவரிய அப்கிரேட் பண்ணனும், அதுக்கு காசு ஆகும், ஆனா அந்த செலவுக்கு அழாதீங்க.

அப்கிரேட்னு வந்தா ஒவ்வொரு கடைக்கும் ஆம்பியன்ஸ், வேர்ட் ஆஃப் மவுத், செக்யூரிட்டி, டிஃப்ளெக்ட்னு இருக்கும். முத ரெண்டும் ஆள இழுத்து வருமானத்த ஏத்துறது, செக்யூரிட்டின்னா எவனாச்சும் அடிக்க வந்தா நிக்கிற காவல் ஆளு, டிஃப்ளெக்ட் போலீஸ் கண்ணுல படாம இருக்க. கேசினோ, அதாவது சூதாட்ட விடுதி, நல்ல வருமானம்தான், ஆனா கையில காசு நிக்கும்போது போடுங்க. எதிரி ஏரியாவ ஒட்டி இருக்குற கடைக்கு செக்யூரிட்டி முதல்ல, நடுவுல பத்திரமா இருக்குற கடைக்கு ஆம்பியன்ஸ் முதல்ல, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டுட்டு உக்காந்தா காசு வீண்.

ஆள் சேக்குறது பிளாக் புக்னு ஒரு லிஸ்ட்ல இருந்து. சேக்கும்போது ஒரு தொகை, அப்புறம் நிக்காம சம்பளம், இந்த ரெண்டாவதுதான் ஆளக் கொல்லும். ஹையர்டு கன், என்ஃபோர்சர், டாக்டர், டெமாலிஷனிஸ்ட், கான் ஆர்டிஸ்ட்னு அஞ்சு வகை ஆளு உண்டு. ஆரம்பத்துல பாஸ் கூட ரெண்டு பேர் போதும், அதுல ஒருத்தர் டாக்டரா இருந்தா மருந்துக்கு ஆகுற செலவு மிச்சம். சேக்குறதுக்கு முன்னாடி அவனுக்கு யாரு சிநேகிதம், யாரு பகை, யாரு மேல காதல்னு காட்டும், அதப் பாத்துக்கங்க. எதிரி கும்பல்ல காதலி இருந்தா சண்டை நேரத்துல அவ மேல சுட மாட்டேன்னு நின்னுருவான், கேம்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம் இதுதான்.

சண்டை டேர்ன் முறை, அதாவது நம்ம ஒரு தடவ, எதிரி ஒரு தடவன்னு மாத்தி மாத்தி ஆடுறது. நம்ம ஆள் ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ஆக்‌ஷன், நகந்து சுடலாம், இல்ல நின்னு காவல் போடலாம். பெரும்பாலும் ஒரு கட்டிடத்துக்குள்ள நடக்கும், உள்ள ஆளுக மேசைக்குப் பின்னாடி, தூணுக்குப் பின்னாடி பதுங்கி நிப்பாய்ங்க. வாசலத் தாண்டி ஓடாதீங்க. ரெண்டு பேரு வாசலுக்கு ரெண்டு பக்கமும் மறைவுல நிக்கட்டும், ஓவர்வாட்ச், அதாவது அந்தக் காவல், போட்டு வைங்க, உள்ள இருக்குறவன் நம்மளப் பாத்து நகருவான், நகரும்போது தானா சுடும். ஷாட்கன் வச்சிருக்கவன் கிட்டக்க, ரைஃபிள்காரன் தூரத்துல. பாஸ முன்னாடி விடாதீங்க, பாஸ் செத்தா ஆட்டமே முடிஞ்சுரும். செத்தவன்கிட்ட இருந்து எடுக்குற துப்பாக்கில நல்லத வச்சுக்கிட்டு மிச்சத்த வித்துருங்க. சண்டைக்குள்ள போறதுக்கு முன்னாடி தனியா ஒரு சேவ் போடுங்க, நம்ம ஊர்ல கரண்டு எப்பப் போகும்னு யாருக்குத் தெரியும். ஒண்ணு சொல்லிரணும், இந்தச் சண்டை ஒரு கட்டத்துக்கு மேல திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கும், போரடிக்கும், அதனாலயே சண்டைய குறைச்சு வியாபாரத்துல ஜெயிக்கிற வழி எனக்கு சரியாப் படுது.

மத்த பாஸுக வெள்ளனமே சிட்டவுன்னு சொல்லி பேச்சுவார்த்தைக்கு கூப்பிடுவாய்ங்க. மீசைய முறுக்காம போயி உக்காருங்க, வியாபார ஒப்பந்தம் கிடைச்சா எடுங்க. கூட்டணி ஒப்பந்தம் மட்டும் யோசிச்சுப் போடுங்க, அவனுக்கு எங்கிட்டாச்சும் சண்டை வந்தா நம்ம தலையிலயும் விழும். போலீசுக்கு லஞ்சம் குடுக்குற வசதி இருக்கு, ரெய்டு வந்து கடைய மூடுறத விட அது மலிவு. காசுக் கணக்குதான் ஆளக் கவுக்கும், நிஜத்துலயும் கபோன 1931ல உள்ள தள்ளுனது கொலைக் கேஸ் இல்ல, வருமான வரிக் கேஸ், 11 வருசம் தண்டனை, இத்தனைக்கும் 1929 பிப்ரவரி 14ல காதலர் தினத்தன்னைக்கு ஏழு பேர வரிசையா நிக்க வச்சு சுட்ட சம்பவத்துல எல்லாரும் கைய நீட்டுனது அவரு பக்கம்தான்.

எதிரிய முடிக்கணும்னு வந்துட்டா கடை கடையா அடிச்சுக்கிட்டு திரியாதீங்க. ஓரமா இருக்குற ஒண்ணு ரெண்டு ப்ரூவரிய மட்டும் தட்டி அவன் சரக்க வறட்டிட்டு, நேரா அவன் சேஃப்ஹவுஸுக்கு, அதாவது அவன் தங்கியிருக்குற தலைமை இடத்துக்கு, போங்க. அங்க அவன் பாஸ முடிச்சா அவன் தொழிலெல்லாம் நம்ம கைக்கு வந்துரும். அப்படி மொத்தமா வரும்போதுதான் சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் திரும்ப ஒருதடவ தலைகீழாகும், உடனே அடுத்த சண்டைக்கு ஓடாம நின்னு ப்ரூவரி எத்தனை, பார் எத்தனைன்னு பாத்து, ஓடாத கடைய மாத்தி, அப்புறம் நகருங்க. 2021ல வந்த மேக் இட் கவுண்ட்ங்கிற எக்ஸ்பான்சன்ல, அதாவது தனியா காசு குடுத்து வாங்குற கூடுதல் பாகத்துல, மேயர் லான்ஸ்கிங்கிற பேர்ல நிஜமாவே இருந்த தாதா பாஸா வாராரு, வட்டிக்கு விடுற தொழிலும் இருக்கு, ஆனா முதல்ல வாங்குன கேம ஒரு வாட்டி முடிச்சுட்டு அத வாங்குங்க.