கோடைப் பகலுக்கான பச்சை வாசனை: தேர்ந்தெடுக்கும் முறையும் பூசும் முறையும்

கோடைப் பகலில் பூசிக்கொள்வதற்கென்று ஒரு வாசனைத் திரவியம் வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, குளிரூட்டப்பட்ட கடைக்குள் நின்றுகொண்டு அதை முடிவு செய்ய வேண்டாம் என்பதுதான். சில ஆண்டுகளுக்கு முன், அறுத்த புல்லையும் எலுமிச்சைத் தோலையும் நினைவூட்டிய ஒரு கொலோனை, அதாவது செறிவு குறைந்த வாசனைத் திரவியத்தை, கடையில் முகர்ந்து பார்த்து, அந்த நிமிடத்து மகிழ்ச்சியில் பெரிய புட்டியாகவே வாங்கி வந்தேன். மறுநாள் காலை அதைத் தெளித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் புல்லும் தோலுமான அந்தப் பச்சை மணம் முழுவதும் பறந்துபோய், அடியில் கிடந்த வெனிலாவின் தித்திப்பு மட்டும் வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் நின்றது. பச்சை வாசனையை அதன் கொழுந்தைப் பார்த்து வாங்கக் கூடாது, வேரைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். கீழே சொல்பவை எல்லாம் அந்த ஒரு பாடத்திலிருந்து கிளைத்தவையே.

இலையைக் கசக்கும்போது எழும் மணம், இலையிலுள்ள கொழுப்பு அமிலம் நொதிகளால் உடைபடுவதால் பிறக்கிறது. அப்போது உண்டாகும் மூலக்கூறுகள் ஆறு கார்பன் அணுக்களை மட்டுமே கொண்ட மிகச் சிறியவை. அவற்றுள் ஒன்றுக்கு வாசனைத் தொழிலில் ‘இலை ஆல்கஹால்’ என்றே பெயர். சிறியவை ஆகையால் அவை விரைந்து ஆவியாகின்றன, வெயில் ஏற ஏற இன்னும் விரைந்து ஆவியாகின்றன. எலுமிச்சை, அதன் இனத்தைச் சேர்ந்த பெர்கமாட் போன்ற பழங்களின் தோல் எண்ணெய்களின் நிலையும் அதுவே. வெட்டிவேரின் மணத்தைத் தாங்கும் மூலக்கூறுகளோ பெரும்பாலும் பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்ட கனமானவை. தோலிலும் துணியிலும் மணிக்கணக்கில் தங்குபவை. ஆகவே மேலே இலையும் அடியில் வேரும் அமைந்த கலவைதான் பகல் முழுவதும் பச்சையாகவே இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேரை ‘வெட்டிவேர்’ என்ற நம் சொல்லாலேயே அழைக்கிறார்கள் என்பதும், அந்தப் பெயரிலேயே கெர்லான் என்ற பிரெஞ்சு வாசனை நிறுவனம் பல பத்தாண்டுகளாக ஒரு திரவியத்தை விற்றுவருகிறது என்பதும் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்திகள்.

கடைக்குப் போவதற்கு முன், உங்களுக்கு எந்தப் பச்சை பிடிக்கும் என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பச்சை என்பது ஒரே மணம் அன்று. நார்த்தை இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். அந்தக் கசப்பும் தூய்மையும் உங்களுக்கு இதமாக இருந்தால், புட்டியின் குறிப்பில் ‘பெட்டிகிரெய்ன்’ என்ற பெயரைத் தேட வேண்டும். அது கசப்பு ஆரஞ்சு மரத்தின் இலையிலிருந்தும் இளங்குச்சியிலிருந்தும் வடிக்கப்படும் எண்ணெய். திருநீற்றுப்பச்சையின் காரமான குளிர்ச்சி பிடித்தால் ‘பேசில்’, பூக்கடை மரிக்கொழுந்தின் பழச்சாயல் கொண்ட இனிப்பு பிடித்தால் ‘தவனா’, வெள்ளரிக்காய் நறுக்கும்போது எழும் நீர்ப்பசுமை பிடித்தால் ‘வயலெட் இலை’. தக்காளிச் செடியைத் தொட்ட விரலில் ஒட்டும் மணத்தையும், அத்தி இலையின் பால் மணத்தையும் விரும்புகிறவர்கள் அந்தப் பெயர்களையே குறிப்பில் காணலாம்.

இவற்றோடு ‘கால்பனம்’ என்ற ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் பச்சை வாசனைகளின் முதுகெலும்பு அதுதான். ஈரானில் விளையும் ஒரு செடியின் பிசின் அது. நம் பெருங்காயம் தரும் செடியும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. 1947-இல் ஜெர்மென் செல்லியே என்ற பெண் வாசனைக் கலைஞர், பால்மேன் என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனத்துக்காக இந்தப் பிசின் எண்ணெயை அதுவரை யாரும் துணியாத அளவில் சேர்த்து ‘வோன் வேர்’, அதாவது ‘பச்சைக் காற்று’ என்ற திரவியத்தை உருவாக்கினார். பச்சை வாசனை என்ற வகை தனித்து நிற்கத் தொடங்கியது அதிலிருந்துதான். ஷனேல் நிறுவனத்தின் ‘நம்பர் 19’ என்ற திரவியத்திலும் கால்பனம் முன்னால் நிற்கிறது. முதல் முறை முகர்பவர்களுக்கு இது பச்சைப் பட்டாணித் தோலைப் போலவும் சற்றுக் கசப்பாகவும் தோன்றும்; பத்து நிமிடம் பொறுத்திருந்தால் அதன் ஆழம் புரியும். நார்த்தை இலையும் பெருங்காயமும் சேர்த்து வேப்பிலைக்கட்டி இடித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கசப்புப் பசுமை எளிதில் பிடித்துப்போகும் என்று நான் நம்புகிறேன்.

மேல் மணத்தைத் தெரிந்துகொண்ட பின், அடி மணங்களைச் சொல்லும் குறிப்பின் கடைசி வரியைப் படியுங்கள். அங்கே வெட்டிவேர், சிடார் மரம், மரப்பாசி ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் நல்லது. வெனிலா, கேரமல், ஆம்பர் என்ற கனத்த தித்திப்பு மணம் ஆகியவை இருந்தால், மேலே எத்தனை இலைகளின் பெயர் இருந்தாலும் அந்தப் புட்டியை மழைக்கால மாலைக்கு விட்டுவிடுங்கள்.

சோதிக்கும்போது ஒரே நாளில் மூன்றுக்கு மேல் முகர வேண்டாம், மூக்கு களைத்துவிடும். கடைக்காரர் நீட்டும் காப்பிக்கொட்டையைவிட, எதுவும் பூசாத உங்கள் முழங்கையின் உட்புறத்தை முகர்ந்து இளைப்பாறுவது நல்லது. காகிதப் பட்டையில் பிடித்ததை மட்டும் முன்கையில் தெளித்துக்கொண்டு, தேய்க்காமல், எதையும் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் கால் மணி நேரம் நடங்கள், வியர்க்கட்டும். அதன் பின்னும், மூன்று மணி நேரம் கழித்தும் கையை முகர்ந்து பாருங்கள். மூன்றாம் மணியில் மிஞ்சியிருப்பதுதான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கும் மணம். அது உங்களுக்குப் பிடித்திருந்தால் மறுநாள் போய் வாங்குங்கள். செறிவைப் பொறுத்தவரை, பொதுவாகக் கொலோனில் 2 முதல் 5 சதவீதமும், ‘ஓ டி டாய்லெட்’ வகையில் 5 முதல் 15 சதவீதமும் வாசனைப் பொருள் இருக்கும். வெயில் பகலுக்கு இந்த இரண்டுமே போதும். அதற்கு மேல் செறிந்தவை நெரிசலான பேருந்தில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலியைத்தான் தரும்.

பூசும் முறையில் தமிழ்நாட்டு வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கம் பெரிதும் உதவும். வெட்டிவேரை ஒரு கைப்பிடி எடுத்து, மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, பீரோவில் பருத்தி உடைகளுக்கு நடுவே வைத்துவிடுங்கள். வேர் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்து, துணியும் கெடும். சில நாட்களில் உடைகளில் ஏறும் மெல்லிய மண் மணம், நீங்கள் காலையில் தெளிக்கும் பச்சைக் கொலோனுக்கு அடித்தளமாக அமையும். மேலே உள்ள இலை மணம் பறந்த பின்னும் வெறுமை தெரியாது. நான் விலையுயர்ந்த புட்டிகளில் தேடிய நிலைப்பு, பாட்டியின் புடவை அடுக்கில் முன்பே இருந்தது.

வெட்டிவேர் அத்தர் வைத்திருப்பவர்கள் மணிக்கட்டில் ஒரு சிறு துளி தொட்டுக்கொண்டு, அதன் மேல் கொலோனைத் தெளித்தாலும் இதே பயன் கிடைக்கும். அத்தருக்குப் பெயர்பெற்ற உத்தரப் பிரதேச ஊரான கன்னௌஜில் செப்புப் பாத்திரத்தில் வடிக்கும் வெட்டிவேர் எண்ணெய் பச்சை நிறமாகவும், மற்ற முறைகளில் வடிப்பது பழுப்பாகவும் இருக்கும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து அசல் எது, போலி எது என்று முடிவு செய்ய இயலாது.

குளித்துத் துவட்டி, உடல் சூடு தணிந்த பிறகே தெளியுங்கள். சட்டைக்குள் மறையும் மார்பில் ஒரு முறை, பிடரியில் முடியின் அடியில் ஒரு முறை, உடையின் உட்புறத்தில் ஒரு முறை என்றால் போதும். பட்டின் மீதும் ஜரிகையின் மீதும் தெளிக்கவே கூடாது. வெள்ளைச் சட்டையில் கறை படிகிறதா என்பதை உள்மடிப்பில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பகலுக்கு 10 மில்லி அளவுள்ள சிறு தெளிப்பானைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மணிக்கு மேல் மீண்டும் ஒரு முறை தெளிக்கலாம். ஆனால் மணம் போய்விட்டது என்று உங்கள் மூக்கு சொல்வதை நம்பிவிட வேண்டாம், அது பழகிப்போய் உணராமல் இருக்கக்கூடும். அருகில் இருக்கும் ஒருவரைக் கேட்டுவிட்டுத் தெளியுங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். செக்கில் பிழிவதுபோல் பழத்தோலிலிருந்து நேரடியாகப் பிழிந்தெடுத்த பெர்கமாட், எலுமிச்சை எண்ணெய்களில், வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கிக் கருந்திட்டுகளை உண்டாக்கும் பொருள்கள் உள்ளன. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் அவற்றை நீக்கிய எண்ணெயையே பயன்படுத்துகின்றன. வீட்டில் கலப்பவர்களும் சிறு விற்பனையாளரிடம் எண்ணெயாக வாங்குபவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவற்றைக் கழுத்திலும் கையிலும் பூசிக்கொண்டு வெயிலில் இறங்காமல், துணியில் மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிய புட்டியை வெளிச்சம் படாத, சூடு குறைந்த அலமாரியில் வையுங்கள். குளியலறை மாடமும், வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையும் அதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. பழத்தோல் எண்ணெய்களும் இலை மணங்களும்தான் முதலில் கெடுபவை. இக்காரணத்தாலேயே 100 மில்லியைவிட 30 மில்லி புட்டியை வாங்கி, ஒரு கோடைக்குள் தீர்த்துவிடுவதை நான் பரிந்துரைக்கிறேன்.