தேசிய வழக்கறிஞர் சங்கத்துக்கு வெளிநாட்டு உறவு: எங்கே தொடங்குவது?

எங்கள் தேசிய வழக்கறிஞர் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் பன்னாட்டு உறவுக் குழுவின் செயலாளராக இருந்தேன். முதல் ஆண்டிலேயே வெளிநாட்டு வழக்கறிஞர் சங்கங்களோடு மூன்று புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் போட்டோம். மேடை, கைகுலுக்கல், புகைப்படம் எல்லாம் நடந்தது. ஓராண்டு கழித்துக் கோப்பைத் திறந்தால், கையெழுத்துக்கு அப்புறம் ஒரு கடிதம்கூட இல்லை. அவர்களிடம் என்ன கேட்பது என்று எங்களுக்கே தெரியாமல் இருந்ததுதான் காரணம். ஆகவே, வெளியே கடிதம் எழுதும் முன் உள்ளே ஒரு வாரம் உட்கார்ந்து, நம் சங்கத்தில் எது சரியில்லை என்று பாருங்கள்.

எதை வைத்துப் பார்ப்பது? 1990-இல் ஹவானாவில் கூடிய ஐ.நா. மாநாடு, வழக்கறிஞர்களின் பங்கு பற்றிய அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. சில பக்கங்கள்தான். கட்சிக்காரரின் செயலை வழக்கறிஞர் தலையில் சுமத்தக் கூடாது என்கிறது 18-ஆம் கோட்பாடு. சங்கத்தின் செயற்குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் வெளித்தலையீடு கூடாது என்கிறது 24-ஆம் கோட்பாடு. ஒவ்வொன்றையும் வாசித்து, நம் சங்கத்தில் நிலைமை என்ன என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதியபோது எங்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது, வழக்கறிஞர்கள் மீது வரும் புகார்களைப் பதியும் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேடு. புகார் வந்த தேதி எல்லா வரியிலும் இருந்தது. முடிந்த தேதி பாதிக்கு மேல் காலியாக இருந்தது. சரி, இதுதான் நாம் உதவி கேட்க வேண்டிய இடம் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது ஆளைத் தேடுவது. 1947-இல் தொடங்கிய பன்னாட்டு வழக்கறிஞர் சங்கம் (ஐ.பி.ஏ.), 1927-இல் தொடங்கிய யூ.ஐ.ஏ. என்னும் பன்னாட்டு வழக்கறிஞர் ஒன்றியம், ஆசிய பசிபிக் பகுதிக்கு 1966 முதல் இயங்கும் சட்டத்துறை அமைப்பான லாஏசியா போன்ற அமைப்புகளில் அறிமுகம் கிடைக்கும். வேலை நடப்பது என்னவோ இரண்டு சங்கங்களுக்கு இடையில்தான். பெயர் பெற்ற பெரிய சங்கத்தைத் துரத்தாதீர்கள். உங்களைப் போன்ற சட்ட முறையும் உங்களைவிடச் சற்றே அதிகமான உறுப்பினர்களும் உள்ள, பத்து ஆண்டுகளுக்கு முன் இதே சிக்கலில் இருந்து மீண்ட சங்கம் கிடைத்தால் விடாதீர்கள்.

கடிதத்தில் ‘ஒத்துழைப்பை விரும்புகிறோம்’ என்று மட்டும் எழுதினால் பதிலும் அதே அளவில்தான் வரும். நாங்கள் இரண்டாம் முறை எழுதியது இப்படி: “உங்கள் புகார்ப் பிரிவில் தினமும் மனுக்களைப் பிரிப்பவரோடு எங்கள் அலுவலர் இரண்டு வாரம் உட்கார வேண்டும்.” பத்தே நாளில் பதில் வந்தது. தலைவரை அனுப்பவில்லை, பதிவேட்டை எழுதும் அலுவலரையும் குழுவின் இளம் வழக்கறிஞர் ஒருவரையும் அனுப்பினோம். இதற்குச் செயற்குழுவில் மனத்தாங்கல் வரும். பொறுத்துக்கொண்டு பிடிவாதமாக நில்லுங்கள், ஏனென்றால் திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்காரப்போவது அவர்கள்தான். அவர்கள் கொண்டுவந்த பாடம் எளிமையானது: கட்டணத் தகராறையும் ஒழுக்கக்கேட்டையும் முதல் நாளே பிரித்து, கட்டணத் தகராறை சமரசத்துக்கு அனுப்பிவிடுவது.

விதிகளை மட்டும் அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். அந்தச் சங்கத்தில் விசாரணைக்கு முழுநேரச் சம்பள ஆட்கள் இருந்தார்கள். எங்களிடம் நீதிமன்றம் முடிந்து மாலையில் வரும் தன்னார்வலர்கள். புகாரை முடிக்க அந்தச் சங்கம் வைத்திருந்த கெடு எங்களுக்குச் சரிவராது. அதை மாற்றி எழுதவே நான்கு கூட்டங்கள் ஆயின.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு நிதி பயிற்சிக்கும் பயணத்துக்கும் போகட்டும். வாடகையும் சம்பளமும் உறுப்பினர் சந்தாவிலிருந்தே வர வேண்டும். நன்கொடை நின்ற மாதம் அலுவலகத்தைப் பூட்டும் நிலை வரக் கூடாது. கணக்கைப் பொதுக்குழுவில் வையுங்கள், அன்னியக் கைக்கூலி என்று யாராவது சொல்லும் நாளில் அதுதான் பதில்.

நான் அதிகம் கவலைப்படுவது நெருக்கடி நாளைப் பற்றி. ஆப்கானிஸ்தானின் சுயேச்சை வழக்கறிஞர் சங்கம் 2008-இல் ஐ.பி.ஏ.-வின் துணையோடு உருவானது. 2021 நவம்பரில் தலிபான்கள் அதன் அலுவலகத்தைக் கைப்பற்றி, உரிமம் தரும் அதிகாரத்தை நீதி அமைச்சகத்துக்கு மாற்றினார்கள். அதே ஆண்டு, ஆபத்திலிருந்த பெண் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் பலர் குடும்பத்தோடு வெளியேற ஐ.பி.ஏ.-வின் மனித உரிமைப் பிரிவு உதவியது. வெளியே தொடர்பு இருப்பது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. எனவே ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள்: நம் உறுப்பினர் ஒருவர் தொழில் செய்ததற்காகக் கைதானால் யார் யாருக்குத் தகவல் சொல்வது, எத்தனை நாளில் கண்டனக் கடிதம், விசாரணையைப் பார்க்க யார் வருவது. உறுப்பினர் பதிவேட்டின் நகல் ஒன்று பாதுகாப்பாக வேறிடத்திலும் இருக்கட்டும்.

அப்புறம், வழக்கறிஞர் தொழிலைப் பாதுகாக்க ஐரோப்பிய கவுன்சில் உருவாக்கிய உடன்படிக்கை 2025 மே மாதம் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளும் சேர அதில் வழி உண்டு. அதன் வாசகத்தை உங்கள் மொழியில் பெயர்த்து உறுப்பினர்களிடம் கொடுங்கள், பிறகு அரசிடம் பேசுங்கள்.

நிர்வாகிகள் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே ஒப்படைப்புக் குறிப்பு தயாராகட்டும். எந்தச் சங்கத்தில் யாரிடம் பேசுகிறோம், கடைசிக் கடிதம் எப்போது போனது, நாம் தருவதாகச் சொல்லி இன்னும் தராதது என்ன என்று மூன்றே பத்திகள். நான் எழுதியதில் மூன்றாவது பத்திதான் நீளமாக இருந்தது. அடுத்து வந்தவர் அதிலிருந்துதான் வேலையைத் தொடங்கினார்.